முகம் பார்க்கிற வேலை

கேட்டை மூடினால் ஒன்பது நிமிஷம்.
அதற்குள் நாரைக்கிணற்றுப் பக்கம்
எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் முளைத்துவிடும்.

காற்றாலை இறக்கை ஒன்றைப் படுக்கவைத்து
ஊரையே அடைத்துக்கொண்டு நிற்கிற லாரி.
அதன் டிரைவர் இசக்கிராஜா பீடி பற்றவைத்துச் சொல்வார்:
"அந்த வெள்ளை எஞ்சின் இருக்கே எக்கா,
முன் கண்ணாடிக்குக் கம்பி வலை கட்டினது,
கண் ஆபரேஷன் முடிஞ்சு வாற ஆளு மாதிரி.
பாத்தா எனக்கு உறுத்துது."

ஆட்டு யாவாரி மைதீன் பிச்சைக்கு
பெட்டிகளின் நிறம் ஆகாது.
"செவப்பும் சாம்பலும்.
ஈரலை அடுப்புல போட்டு மறந்துட்டான் வே."
மொபெட்டின் பின்னால் கட்டிய இரண்டு கிடாக்கள்
கருத்துச் சொல்லவில்லை.

ஜெபராணி டீச்சர் ஸ்கூட்டரை அணைக்காமலே,
"வந்தே பாரத் மட்டும் என்ன முப்பிடாதி?
மூக்கை நீட்டிட்டா அழகா?
நாரைக்கிணத்துக்கு ஒரு நாரை.
நின்னாவது தொலைக்குதா இங்க?"
மூன்று நொடி வெள்ளை.
பிறகு அவர் இஸ்திரி போட்ட சேலை முழுக்கக்
கரிசல் புழுதி.

என்னை யாரும் கேட்பதில்லை.
பதினோரு வருஷமாக
போகிற ஒவ்வொரு வண்டிக்கும் நேரம் எழுதிக்
கையெழுத்துப் போடுகிறவள் நான்.
கேட்டால் சொல்வேன்:
நீள மூக்கு டீசல்.
கரி வண்டியை இழுத்துக்கொண்டு
இரும்புப் பீரோவைப் பின்பக்கமாக நகர்த்துவதுபோல்
வருகிற சவம்.
பச்சைக் கொடியோடு விறைத்து நிற்கிறேன்.
தகரக் கதவு, தகரக் கதவு, விசிறி,
புகை, சூடு, இன்னொரு தகரக் கதவு,
எல்லாம் போனபிறகு எங்கேயோ பின்னால் ஒரு சன்னல்.
அதில் ஒரு கை.
எனக்குப் பதில் காட்டினானா
ஈ ஓட்டினானா, தெரியாது.

அழகென்று நான் சொல்வது அவ்வளவுதான்.
கை தெரியணும்.

மாசியில் ஒருநாள் சிக்னல் விழாமல்
அந்தச் சவமே என் கேட்டுக்கு நேரே நின்றது.
இருபத்திரண்டு நிமிஷம்.
இரண்டு பக்கமும் ஹார்ன், வசவு.
டிரைவர் லூர்து மிக்கேல் (பெயர் பிறகு கேட்டது)
சன்னலில் முழங்கையை ஊன்றி
என் கேட் அறையை மேலும் கீழும் பார்த்தார்.
"இதுக்கு யாரும்மா பெயிண்ட் அடிச்சது?"
"கான்ட்ராக்டர்."
"விருதுநகர் வரைக்கும் எத்தனையோ கேட் பாக்கேன்.
பித்த வாந்தி மாதிரி மஞ்சள்
உனக்கு மட்டும்தான் குடுத்திருக்கான்.
தூரத்துலயே சொல்லிக்கிடுவோம்,
மூதி வந்துட்டுன்னு."

காலையில்தான் வாரியல் தேயப் பெருக்கியிருந்தேன்.
வாசலில் தகர டின்னில் செவ்வந்தி வேறு.
"உங்க எஞ்சின் மட்டும் என்னவாம்?
மூஞ்சியில்லா முண்டம்."

கோபப்படுவார் என்று பார்த்தேன்.
"அதை நீ சொல்லுத!
எட்டு மணி நேரம் இது மூக்கைத்தான பாத்துக்கிட்டு வாறேன்.
அந்தப் பக்கம் ஆடு நிக்கா, ஆள் நிக்கா, ஒண்ணும் தெரியாது.
உன் கொடி எனக்குத் தெரியவே தெரியாது.
வளைவுல இந்தக் கோட்டி மஞ்சள் தெரியும்.
அதைப் பாத்து ஹார்ன் அடிப்பேன்.
பொறவு உத்தேசமா ஒரு கை காட்டுவேன்.
யாராச்சும் நிப்பாங்கல்லா."

சிக்னல் விழுந்துவிட்டது.
பீரோ நகர்ந்தது.
கேட்டைத் தூக்கியதும்
இசக்கிராஜா போகிறபோக்கில் கேட்டார்,
"என்ன எக்கா, சிரிப்பு?"
வெயில் கண்ணில் அடிக்கிறது என்றேன்.

போன வாரம் கான்ட்ராக்டரின் ஆள்
நிற அட்டை கொண்டுவந்தான்.
"மேல புகாராம். எது வேணுமோ குறிச்சுக் குடுங்க."
மேசையில் விரித்தே கிடக்கிறது.
நீலம் நன்றாகத்தான் இருக்கிறது,
கழுவின வானம் மாதிரி,
எந்த வளைவிலிருந்து பார்த்தாலும்
இருப்பதே தெரியாது.

போன் அடிக்கிறது.
கரி வண்டி மணியாச்சி தாண்டிவிட்டதாம்.
கொடி எங்கே வைத்தேன்.