சன்னல் மட்டும்

ஜனவரி இருபத்துநான்கு. நண்பகலுக்குப் பத்து நிமிடம்.
சாவோ பாவ்லோவில், பிராஸ் பக்கம், இந்தத் தெருவை
பேருந்துகள் இன்று சுற்றிக்கொண்டு போகின்றன.
மற்ற நாளில் இது தையல் மிஷின்களின் தெரு.
மூடிய கதவுக்குப் பின்னால் இரவு பதினொன்று வரை
கடகடவென்று ஓடும். ஓட்டுகிற முகம் தெரியாது.
இன்று அந்த முகங்களெல்லாம் வெயிலில்.

பொலிவியர்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்:
நகத்தளவு சிமெண்ட் மூட்டை,
தீப்பெட்டி நீளத்தில் வேன்,
அஞ்சல்தலை அகலத்தில் முத்திரை குத்திய குடியுரிமைத் தாள்,
அரை ரொட்டி விலைக்கு ஒரு கட்டு டாலர்.
மணி பன்னிரண்டு அடிக்கையில் கையில் இருப்பது
வருடம் திரும்புவதற்குள் நிஜ அளவுக்கு வளருமாம்.
புகையில் காட்டுகிறார்கள்;
மேலே கொஞ்சம் சாராயம், கொஞ்சம் மஞ்சள் இதழ்.

நான் ஜெனிவால். நகராட்சியின் ஆரஞ்சுச் சட்டை.
முதல் வருடம் திட்டிக்கொண்டேதான் கூட்டினேன்.
ஈர இதழ் துடைப்பத்தில் ஒட்டினால் லேசில் வராது.
சாக்கடைக் கம்பியில் ஒரு வீடு மாட்டியிருந்தது.
இரண்டு மாடி, சிவப்புக் கூரை,
துணி காயப்போடக் கொடிகூட உண்டு, தையல் நூலில்.

இருட்டும் நேரம் ஒருத்தி
குனிந்து குனிந்து தேடி வந்தாள்.
பசிலியா; பெயர் பிறகு தெரிந்தது.
நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"சும்மா வாங்கினால் பலிக்காது. விலை சொல்லுங்கள்."
ஒரு நாணயம் என்றேன்.
அரை என்று பேரம் பேசினாள்!
அந்த விலைக்கு மாடிவீடு விற்றவன்
இந்த நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நானும் வந்து இறங்கியவன்தான்.
செயராவின் காய்ந்த மண்ணிலிருந்து, பேருந்தில் மூன்று நாள்.
முப்பத்தொரு வருடமாக, தெருக்கோடியில்
சன்னல் இல்லாத அறை.
யாராவது கேட்டால்
"அங்கே தங்கியிருக்கிறேன்" என்பேன்.

மூன்றாம் வருடம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு
பசிலியா போட்டிருந்த கடை முன் நின்றேன்.
"வீடா?"
"வேண்டாம். சன்னல் மட்டும்."
தனியாக யாரும் கேட்டதில்லையே என்றாள்.
தீப்பெட்டியைப் பிய்த்து, மிட்டாய்த் தாளை ஒட்டி,
பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
பசை காயாமலேயே புகையில் காட்டினாள்.

பலித்ததா என்று கேட்காதீர்கள்.
சுவர் சுவராகவே இருக்கிறது.
ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். மிட்டாய்த் தாள் பச்சை.

சத்தம் தாங்கவில்லை என்று அன்று
போலீஸைக் கூப்பிட்ட ரொட்டிக்கடை விட்டோரியோ
இப்போது சாறு ஒழுகும் சல்தேன்யா விற்கிறார்,
பலகையில் எழுத்துப் பிழையோடு.
பேருந்துக்காரர்கள் நிறுத்தத்துக்கு
குட்டிச்சந்தை என்றே குரல் கொடுக்கிறார்கள்,
சந்தை இல்லாத ஜூலையிலும்.

போன வாரம் மேற்பார்வையாளர் கேட்டார்:
"இருபத்துநான்கு அன்று அங்கே குப்பை அதிகம்.
உனக்கு வேறு இடம் போடட்டுமா?"
"வேண்டாம். அது என் தெரு."
சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.
அவர் குறித்துக்கொண்டு
அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.