பொருள்

காலுறை ஆலையாக இருந்த கட்டடம், திபிலிசியில்.
ஆற்றுப் பக்கச் சன்னல் மூன்றுக்குக் கண்ணாடி இல்லை.
பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறோம்,
காற்று வரும்போதெல்லாம்
கூடம் மூச்சு வாங்குகிறது.
ஏழு பேர். ஏழு பேருக்கும் இது முதல் கண்காட்சி.
வயதில் மூத்தவனுக்கு இருபத்தொன்பது.
சுவரில் ஒட்டும் சின்ன அட்டைகளை எழுதுவது என் வேலை.

படிவம் கொடுத்திருந்தேன்:
பெயர், தலைப்பு, அளவு, பொருள்.
'கலப்பு ஊடகம்' என்று எழுதித் தப்பிக்கக் கூடாது,
அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

'பொருள் எதுவும் இல்லை,
பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்'
என்று எழுதித் தந்தாள் தேயோனா.
நான் கேட்டது அந்தப் பொருள் இல்லை, அம்மணி,
எதை வைத்துச் செய்தாய்?
காசு போட்டால் மேலேறும் லிஃப்டின் உடைந்த கண்ணாடி,
நகப்பூச்சு,
தீர்ந்த மாத்திரைகளின் வெள்ளித் தகடு.
வாழா அந்த இடத்தில்
வாடகை பாக்கியை எழுதியிருந்தான், லாரியில், பைசா சுத்தமாக.
அதுவும் பொருள்தான். அச்சிட மறுத்தேன்.

சோத்னேயின் தாளில்
அட்டைப்பெட்டிகள், தார், மாவுப்பசை,
பிறகு 'கோபம், கொஞ்சம்'.
அதன் மேல் ஒரு கோடு.
அடித்ததையும் சேர்த்து அச்சிடவா என்றேன்.
யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

திறப்பு விழா இரவு
ஒயின் பாதி தீர்ந்திருந்தபோது
தண்ணீர் மீட்டர் பார்க்கிற ஆள் வந்தார்.
மீட்டரோ சோத்னேயின் பெட்டிச் சுவருக்குப் பின்னால்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குப்புறப் படுத்து ஊர்ந்து உள்ளே போனார்.
கூட்டம் பேச்சை நிறுத்திப் பார்த்தது.
யாரோ கைகூடத் தட்டினார்கள்.
வெளியே வந்து முழங்காலைத் துடைத்து
எண்ணைக் குறித்துக்கொண்டு
பெட்டியில் இருந்த இத்தாலி முத்திரையைக்
கட்டைவிரலால் தொட்டார்.
தொடக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
'இந்த அளவுப் பெட்டி பதினெட்டு கிலோ பிடிக்கும்.
என் மனைவி பாரியில் இருக்கிறாள்.
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள்.
ஈஸ்டருக்கு ஒன்று வரும்.'
சோத்னேயின் அம்மா வேறு ஊரில்,
வேறொரு கிழவரை.
அவன் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் காலை செய்தி அனுப்பியிருந்தான்:
கோபத்தை எடுத்துவிடு.
பதினெட்டு கிலோ என்று போடு.

கேத்தோவின் ரொட்டிகள்
தோணி போல நீண்டு இரு முனையும் கூர்ந்தவை,
நாற்பத்தொன்று.
செப்புக் கம்பியால் குறுக்கும் நெடுக்கும் தைத்து
உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தாள்.
வார்னிஷ் பூசச் சொன்னோம்.
மூச்சு முட்டும் என்றாள்.
ரொட்டிக்கா உனக்கா என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் திறந்தால்
தரையெல்லாம் துகள்.
நடுவில் இரண்டு ரொட்டிகளைக் காணோம்.
தையல் மட்டும் அப்படியே,
ரொட்டி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு
காற்றில் மெல்ல ஆடியது.

தலைகூட வாராமல் ஓடிவந்தாள்,
செருப்பில் பனிச்சேறு.
வாழா பொறி வாங்கிவரக் கிளம்பினான்.
தேயோனா அழத் தயாராக இருந்தாள், இவளுக்காக.
கேத்தோ துகள்களுக்கு நடுவே மல்லாந்து படுத்து
வெற்றுத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரொம்ப நேரம்.
'நானே செய்திருந்தால்
இவ்வளவு தைரியமாக நிறுத்தியிருக்க மாட்டேன்.
அட்டையை மாற்று.'

பொருள்: ரொட்டி, செப்புக் கம்பி, எலி.

ஒருமையா பன்மையா என்று கேட்டேன்.
என் வேலை அப்படி.
தெரியாததை எண்ணாதே என்றாள்.

இரவு புது அட்டையை ஒட்டிவிட்டு
பசை காயட்டும் என்று நின்றேன்.
விளக்கை அணைத்தேன்.
பிளாஸ்டிக் தாள் உள்வாங்கி வெளிவிட்டது.
மேலே கம்பி லேசாக அதிர்ந்தது,
பிறகு கறுக், கறுக்.

சத்தம் போடாமல் கதவைச் சாத்தினேன்.
வேலை நடந்துகொண்டிருந்தது.