தொள்ளாயிரத்து இருபது அடி

மானூர் மேட்டில் எங்கள் நிலத்து நடுவே
ஓர் இரும்புக் குழாய் முழங்கால் உயரம் நிற்கிறது.
வாயில் உரச்சாக்கு, சாக்கின் மேல் உடைந்த அம்மி.
ஆட்டுக்குட்டி விழுந்துவிடும் என்று சண்முகக்கனி வைத்தது.

முதல் பாயிண்ட் அறுநூறு அடி. வெள்ளைப் புழுதி.
தேங்காயை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்த ஆள்
பத்தடி தள்ளி இன்னொன்று குறித்துக் கொடுத்தார்.
தொள்ளாயிரத்து இருபது.
விடியக்காலம் வண்டிக்காரன் கம்பியை உருவிக்கொண்டு
அடிக்கணக்கை மட்டும் சொன்னான்.

சம்பளக் கணக்கைப் பார்த்து வங்கி நாலு லட்சம் தந்தது.
பட்டாளத்தான் கையெழுத்துக்கு மறுகேள்வி கிடையாது.
இரண்டாம் குழிக்குக் கல்யாணி அண்ணாச்சி,
நூற்றுக்குப் பத்து,
முதல் மாதத்தைப் பிடித்துக்கொண்டு மீதி.
அண்ணாச்சி வட்டிக்கு ஒரு போன் ஆப்.
அந்த ஆப்பின் வட்டிக்கு இன்னொரு ஆப்.

நான் சிக்னலில் சைபர் நாயக்.
இரும்புக் கதவு, இரண்டு சாவி, ஒன்று என்னிடம்.
பதினோரு வருஷத்தில் ஒருநாளும்
அந்த அறைக்குள் போன் கொண்டுபோனதில்லை.
கிழித்த தாளை எரித்து, சாம்பலைப் பொடித்து,
பொடித்ததற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவன்.
அங்கே மழையா என்று பெண்டாட்டி கேட்டால்கூட
யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

அந்த ஆப் கேட்டது:
உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?
ராத்திரி பதினொன்றரை. விடிந்தால் தவணை.
அனுமதி என்று பச்சையில் இருந்தது. தொட்டேன்.

நாற்பதாம் நாள் எல்லாருக்கும் போனது
என் முகம், கீழே திருடன் என்று இந்தியில்.
மச்சானுக்கு. பால்காரருக்கு. பாப்பாவின் டீச்சருக்கு.
சுபேதார் சாபுக்கு. அட்ஜுடன்டுக்கு.
கர்னலின் வீட்டு நம்பருக்கும்.
ஒருதடவை அவர் நாய்க்கு மருந்து வாங்கப் போனேன்,
அப்போது பதிந்து வைத்தது.

கர்னல் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
சிபில் தாளை மேசையில் விரித்துப் பென்சிலால் தட்டினார்.
ஐநூற்றுப் பதினேழு.
“கடன் வாங்கியது குற்றமில்லை, கொம்பையா.
ஆனால் கடன்பட்டவனின் விலை
வெளியாளுக்குத் தெரிந்துவிடுகிறது.”
பிறகு, கொஞ்ச நேரம் கழித்து,
“எங்கள் எல்லார் நம்பரையும் கொடுத்திருக்கிறாய்.
எவனுக்கு என்று உனக்கே தெரியாது.”
சாவியைக் கேட்டார்.
இடுப்பில் கிடந்த சூட்டோடு எடுத்து வைத்தேன்.

சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மையில் ஒரு வரி.
ஹவில்தார் லிஸ்ட்டில் எனக்குப் பின்னால் சேர்ந்த ரெண்டு பேர்.
கேண்டீனில் போடவில்லை, அங்கே பணம் இருக்கிறது.
ரேஷன் ஸ்டோரிலும் இல்லை, அங்கே கணக்கு இருக்கிறது.
மெயின் கேட்டில் நிறுத்தினார்கள்,
ரைஃபிளும் இருபது தோட்டாவும் கையில் தந்து.
அது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது லீவு.
நேற்று அண்ணாச்சி புல்லட்டில் வந்தார்.
வட்டிக்குத்தான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன்.
“வட்டி கெடக்கட்டும் வே. சின்னவன் அக்னிவீருக்கு எழுதியிருக்கான்.
பாளையங்கோட்டை கிரவுண்டுல நல்லாத்தான் ஓடுதான்.
ஓம்ம பெரிய ஆபீசர்ட்ட ஒரு வார்த்தை போட்டு வையும்.
பட்டாளத்துல இருந்தா பயலுக்கு
லோன் லேசா கெடைக்கும்லா.”
போகும்போது ரெண்டு ரம் பாட்டில் வாங்கிக்கொண்டார்,
கேண்டீன் விலைக்கு,
அதையும் வட்டியில் கழிக்காமல்.

சண்முகக்கனி சிரித்தாள். நானும் சிரித்தேன்.
யார் முதலில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

சாயங்காலம் பாப்பா சாக்கை விலக்கி
ஒரு கல்லைப் போட்டாள்.
குழாய்ச் சுவரில் இடித்து இடித்து அது இறங்கியது.
புள்ளி, கோடு, புள்ளி.
காது தானாக அதை எழுத்தாக்கப் பார்த்தது.
எட்டு எண்ணினேன், ஒன்பது.
“தண்ணி சத்தமாப்பா?”

சட்டைப்பையில் போன் நடுங்கியது.
எடுக்காமல்,
இன்னொரு கல் போடு என்றேன்.