தரையில் பதினைந்து நிமிடம்

பட்டர்வொர்த் துறைமுகத்துக் கிரேனில்
பதினெட்டு வருடமாகக் குனிந்தே இருக்கிறேன்.
காலடிக் கண்ணாடி வழியே
கப்பல், கொள்கலன், மறுபடி கப்பல்.
வானம் எனக்கு முதுகுப்பக்கம்.

மாத்திரை போட்டேன்.
வலி தூங்கியது.
ஒருநாள் நானும் தூங்கிவிட்டேன்,
கொள்கலன் அந்தரத்தில் நிற்க.
ஒரு நொடிதான்.

மீதி அட்டையை
அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.
தூக்கி எறியவில்லை,
அவ்வளவு வீரன் இல்லை.

பொது மருத்துவமனையில் நோர்ஹயாத்தி சொன்னார்:
தரையில் படுங்கள், நாற்காலிமேல் கால்,
பதினைந்து நிமிடம் மூச்சு விடுங்கள்,
வேறொன்றும் செய்யாதீர்கள்.
ஒன்றும் செய்யாத வேலையை
இதுவரை எனக்கு யாரும் தந்ததில்லை.

முதல் வாரம்
மின்விசிறியின் தூசியோடு பேச்சு.
பிறகு நடை, ஜெட்டிவரை,
திரும்பி வந்து மறுபடி தரை.
ஐந்தாம் வாரம் தலையைத் திருப்பினால்
சோபாவுக்கடியில்
தவமலரின் ஒற்றைத் தோடு.
நான்தான் அடகு வைத்தேன் என்று
ஆறு மாதமாய் முகம் கொடுக்காதவள்.

வேலை முடிந்து வந்தாள்.
எழாமலே உள்ளங்கையை நீட்டினேன்.
தோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் படுத்து
நாற்காலியில் இடம் போதாமல்
என் காலைத் தள்ளினாள்.

முதுகு லேசாக முனகியது.
அரிசி டின் பக்கம்
யாரும் போகவில்லை.