நான்கு பத்து

ஜனவரி. ஓலு நகரம். ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தாறு.
காபி மிஷின் ஒருமுறை உறுமியது,
ஒருமுறை விக்கியது,
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.
கொட்டைகளுக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு கல்.
எந்த மலையிலிருந்து கிளம்பி வந்ததோ,
பதினோரு வருஷ மோட்டாரைத் தின்றுவிட்டது.

அன்று முதல் பஸ்ஸைக் காபி இல்லாமல் ஓட்டினேன்.
ஆஸ்பத்திரி நிறுத்தத்தில்
நின்றேன், கதவைத் திறக்க மறந்தேன்.
இரவு வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி
கண்ணாடியைத் தட்டினாள்,
கோபமில்லாமல், கைமாற்று கேட்பவள் போல.

கையில் எழுபது யூரோ.
கரண்ட் பில் வந்த மாதம், அதற்கு மேல் பேச்சில்லை.

இருபத்தைந்துக்கு ஒன்று இருந்தது. உள்ளே கத்தி.
அது அரைக்காது, வெட்டித் துரத்தும்.
பாதி மாவு, பாதி சரளை.
மாவு கசக்கும், சரளை புளிக்கும்,
ஒரே கோப்பையில் இரண்டும் வழக்காடும்.
நூற்று நாற்பதுக்கு ஒன்று.
தானே எடை போடும், தானே நிற்கும்.
"பதினைந்து வருஷம் உழைக்கும்" என்றான் ஆர்ட்டு,
சட்டையில் பெயர் குத்தியிருந்த பையன்.
எனக்கு ஐம்பத்தெட்டு.
பதினைந்து வருஷத்தை
ஒரே தவணையில் கட்ட இந்த மாதம் முடியாது, தம்பி.

பழைய சாமான் கடையில்
ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, பன்னிரண்டு யூரோ.
மூடியைத் திறந்தேன். ஏலக்காய்.
யாரோ பன்னுக்கு ஏலக்காய் அரைத்தே
அதன் ஆயுளைக் கழித்திருக்கிறார்.
"கழுவினால் போய்விடும்" என்றாள் கடைக்காரி.
போகாது.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இருவரும் மூடியை மெல்ல மூடினோம்.

கடைசியில் கையால் சுற்றுவது. அறுபத்து நான்கு.
உருக்குப் பல். அடியில் ஒரு திருகு,
ஒரு சொடுக்குக்கு ஒரு சொடுக்கு நைசாகும்.
மோட்டார் இல்லை,
ஆகவே செத்துப்போக உள்ளே ஆள் இல்லை.

முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி
நூற்றிருபது சுற்று.
சத்தமா? ஆணி வைத்த பூட்ஸோடு
பனிக்கட்டி மேல் யாரோ நடக்கிறார்,
அதுவும் அடுத்த தெருவில்.
முதல் வாய் குடித்தபோது தெரிந்தது:
இத்தனை வருஷமும் நான் குடித்தது
காபியைப் பற்றிய வதந்தி.

நான்காம் நாள் சாயங்காலம் கதவு மணி.
கீழ்வீட்டு உர்ப்போ.
ஒன்பது வருஷம், மாடிப்படியில் தலையசைப்பு மட்டும்.
ஒருமுறை மட்டும் பலகையில் ஒரு சீட்டு:
'விடிகாலை நான்கு பத்துக்கு மில் ஓட்டுவது யார்?'
கையெழுத்து இல்லாவிட்டாலும்
கையெழுத்து அவருடையதுதான்.
அன்றே மிஷினுக்கடியில் துண்டை மடித்து வைத்தேன்,
மில் நின்றபாடில்லை.

"ஊரில் இல்லையோ?" என்றார்.
இருக்கிறேனே.
"சத்தம் வரவில்லை."
"செத்துவிட்டது. இனி உங்களுக்குத் தொந்தரவு இல்லை."
அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். பனி உருகி
என் கால்மிதியில் சொட்டிக்கொண்டிருந்தது.
"மீன் கூடத்துக்கு மூன்று நாளாக லேட்.
அலாரம் வாங்கவே இல்லை நான்."
"அந்தச் சீட்டு?"
"அப்போது எனக்கு வேலை இல்லை."

அதற்கு மேல் இருவருக்கும் பேசத் தெரியவில்லை.

இப்போது சுற்றி முடித்ததும்
குதிகாலால் தரையில் இரண்டு தட்டு.
கீழிருந்து ஓர் இருமல்,
குழாயில் தண்ணீர் ஏறும் ஓசை.
போதும், ரசீது கிடைத்த மாதிரி.

நேற்று ஞாயிறு. எனக்கு டூட்டி, அவருக்கு இல்லை.
பழக்க தோஷத்தில் தட்டிவிட்டேன்.
கீழே ஒரு கெட்ட வார்த்தை, சுத்தமான உச்சரிப்பு.
பிறகு நாற்காலி நகரும் சத்தம்.
பிறகு படியில் செருப்பு.
நான் கைப்பிடியை மறுபடி எடுத்தேன்,
இன்னொரு நூற்றிருபதுக்கு.