அக்கரை

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஒத்திகை.
கோத்தகிரிப் பக்கம் கரண்ட் போனால் மழை,
மழை என்றால் சோப்ரானோவில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.
வந்தவை ஐந்து குடை, ஒரு டார்ச்,
கம்பளிக்குள் குழந்தையோடு தெபோராள்.
பிறகு, எப்போதும்போல் பிந்தி, மனாசே.

எங்கள் கால் ஆர்மோனியத்தில்
கீழ்ப் பஞ்சமம் குளிர் வந்தால் ஊமை.
அந்த ஓட்டையை மனாசே தொண்டையால் அடைப்பார்.
ஃபாக்டரியில் முப்பத்தோரு வருஷம்
ரோலர் சத்தத்துக்கு அடியில் பேசிப் பழகிய குரல்.

பாட்டு என்ன புதிதா,
நூறு பாட்டில் நூறும் சொல்வதுதான்:
இங்கே நாம் பரதேசிகள்,
வீடு அக்கரையில்.
அந்தச் சொல் வரும்போது
மனாசே வாயை மூடிக்கொள்கிறார்.
யாரும் கவனிக்கவில்லை.
துருத்தி மிதிக்கிறவளுக்குத்தான்
அடித்தளம் காலியாவது காலில் தெரியும்.

கேட்டேன்.
"எனக்கு அந்த வார்த்தை தலைமன்னார், டீச்சர்."

பதினோரு வயதில் கப்பல்.
சொந்த நாட்டுக்குப் போறோம் என்று
அப்பா தகரப்பெட்டியில் பெயர் எழுதினார்.
ஊர் என்ற இடத்தில் எழுத ஊர் தெரியவில்லை,
இந்தியா என்று எழுதினார்.
அம்மிக்கல்லைத் தூக்க முடியாத அம்மா
குழவியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.
அட்டனில் அவர்கள் இந்தியாக்காரர்கள்.
மண்டபம் முகாமில் முதல் கேள்வி:
சிலோன்காரங்களா?
"கடல்ல எந்த இடத்துல மாறினோம்னு தெரியல."

இக்கரைக்கு அக்கரை பச்சை.
இரண்டும் தேயிலைப் பச்சை.
அதே கொழுந்து, அதே அட்டைப்பூச்சி,
அதே பத்துக்குப் பன்னிரண்டு.
அங்கே அதற்கு லயம் என்று பெயர், இங்கே லைன்.
பாட்டுக்காரி, எனக்கு லயம் வேறு.

வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு காகிதம் எடுத்தார்.
ஓய்வு பெற்ற தொழிலாளி
முப்பது நாளுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டியது.
எந்த அதிகாரத்தில் வைத்திருந்தார் என்று
நான் பார்க்கவில்லை.

"மோட்சத்துலயும் கேப்பாங்களா டீச்சர்,
நீலகிரிக்காரனான்னு?"
சிரித்தார்.
நானும் சிரித்தேன், பாதியில் நிறுத்தினேன்.

தகப்பன் வீட்டை மறந்தாயிற்று என்று சொல்ல
எகிப்தில் ஒருவன் தலைப்பிள்ளைக்கு
மனாசே என்று பெயர் வைத்தான்.
மறந்தவன் அப்படி ஒரு பெயர் வைப்பானா,
சாப்பாட்டு வேளைதோறும் கூப்பிட?

ஞாயிறு ஆராதனை.
உடைந்த கண்ணாடி வழியே மூடுபனி
பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது.
வெளியே தேயிலைக்குள் இரண்டு காட்டெருமை.
அந்தச் சொல் வந்தது.
அவர் நிறுத்தினார்.
நான் மிதிப்பதை விட்டேன்.
துருத்தியின் வயிற்றில் மிச்சக் காற்று இருந்தது போல,
அது தானாகக் கொஞ்ச தூரம் போனது.
சபை அதற்கு மேலே நன்றாகவே பாடியது.

பிறகு காணிக்கை எடுத்தார்கள்.
மனாசே குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.