மூன்று புள்ளி

காலையில் நான் பிழைக்கிற இடம்
மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடியில்
நிஷாந்த முதலாளியின் போட்டோகொப்பிக் கடை.
பத்து மணிக்குள்
ஒரு பூப்புனித நீராட்டு, இரண்டு மரண அறிவித்தல்,
ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் வகுப்பு பேனர்.
கணக்கு சேர் மீசையைக் கறுப்பாக்கச் சொன்னார்.
ஆக்கினேன்.
செத்தவருக்குக் கோட் வேண்டுமாம்.
எட்டு கோட் வைத்திருக்கிறேன் ஃபோல்டரில்,
உயிரோடு இருந்தபோது
ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காதவர்களுக்கு.
மாலைக்குத் தனிக்காசு இல்லை.

ராத்திரிதான் என்னுடையது.
மூலை வெடித்த டேப்லட்.
பென் முனை தேய்ந்தால்
தூண்டில் நரம்பு வெட்டிச் சொருகுவேன்.
ஹோர்லிக்ஸ் போத்தலில் இரண்டு கப்பி மீன்,
ஒன்று சியான், மற்றது மெஜெண்டா.
மஞ்சள் போன மாதம் செத்துப்போனது.

தினம் ஒரு சின்னச் சதுரம் வரைவது பழக்கம்,
அறுபத்துநான்குக்கு அறுபத்துநான்கு கட்டம்:
சில்லுக் கழன்ற பஸ்,
மின்கம்பத்தில் மாட்டிய பட்டம்,
பாண் கடைக் கண்ணாடிக்குள் தூங்கும் பூனை.
அநேகமாகப் பனிமூட்டம்.
அதை வெள்ளை என்று தொட்டால் ஏமாந்தோம்.
ஆறரைக்கு அதில் கொஞ்சம் ஊதா இருக்கும்,
பத்துக்குப் பழைய வேட்டி,
அந்தியில் லயத்துப் புகை கலந்தால்
எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு நிறம்.
'ஈர விறகு' என்று சேமித்து வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் டென்மார்க்கிலிருந்து ஒரு வேலை.
தேயிலைப் பெட்டிக்கு அட்டைப்படம்:
கொழுந்து பறிக்கும் பெண்,
சிரிக்க வேண்டும்.

அடுத்த காம்பராவின் யோகமலர் அக்கா
ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள்.
மகனுடைய பழைய கிரிக்கெட் ஜெர்சி,
இடுப்பில் படங்கு, காலில் கம்பூட்ஸ்,
நெற்றியில் கயிறு, முதுகில் உரச்சாக்கு.
அப்படியே வரைந்து அனுப்பினேன்.
"மிக அழகு" என்று பதில் வந்தது.
ஆனால்
சாக்கு வேண்டாம், கூடை.
ஜெர்சி வேண்டாம், சேலை.
பூட்ஸ் வேண்டாம், வெறுங்கால்.
வானம் நீலமாக.
சிரிப்பு இன்னும் கொஞ்சம்.

பதினெட்டாவது லேயரில் இருந்தது சிரிப்பு.
அதை மட்டும் பிடித்து
கடைவாய்ப் பல் தெரியுமட்டும் இழுத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள்.
"யாருடா இவ, கல்யாண வீட்டுக்குப் போறவளா?"
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டாள்,
"அட்டைப்படம்னு சொன்னியே,
அட்டைய எங்கடா காணோம்?"
பாவாடையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினாள்:
சவர்க்காரம் பூசி, பூட்ஸும் போட்டு,
இன்றைக்கு மட்டும் ஏழு கடி.

அவள் போனபின்
சும்மா இருக்க முடியவில்லை.
எண்ணூறு மடங்கு பெரிதாக்கி
அந்த நீலவானத்துக்காரியின் வெறுங்காலில்
மூன்றே மூன்று புள்ளி வைத்தேன்.
ஒன்று கபிலம், ஒன்று கறுப்பு,
மூன்றாவது அதன் முதுகில் ஈரத்தின் மினுக்கு.
லேயருக்குப் பெயர் 'யோகமலர்'.
எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டையாக்கி
விடிகிற டேட்டாவில் அனுப்பிவிட்டேன்.

"இதுதான் இலங்கை" என்று எழுதியிருந்தார்.
காசும் வந்தது.
ரீலோட் போட்டேன், மஞ்சள் கப்பி ஒன்று வாங்கினேன்.
பாதியை அக்காவிடம் கொடுத்தபோது
எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்,
"இது சிரிச்சதுக்கா, கடி வாங்குனதுக்கா?"
எனக்குத் தெரியவில்லை.

இப்போது கப்பலில் போய்க்கொண்டிருக்கும் பெட்டிகள்.
ஏதோ ஒரு குளிர்ந்த சமையலறையில்
தண்ணீர் கொதிக்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவர்
ஏன் என்று தெரியாமல்
குனிந்து
காலைச் சொறியக்கூடும்.